ஒரே எண், இரண்டு பெட்டி

இன்று மதியம் லுவோ மாமா நான் வேலை பார்க்கும் கூரியர் கடைக்கு வந்தார். அதை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கணக்கியல் மாலை வகுப்பில் முதலில் தொடக்க இருப்பை எழுது, பிறகுதான் வரவும் செலவும் என்பார்கள். அதனால் அப்பாவின் காசிலிருந்து தொடங்குகிறேன். இந்த வரிசை சரியா என்று தெரியவில்லை.

சீனக் குடியரசின் மூன்றாம் ஆண்டில், அதாவது 1914-இல், அடித்த வெள்ளிக் காசு அது. மொட்டைத் தலையும் மீசையுமாக ஒரு முகம் இருப்பதால் எங்கள் ஊரான காய்ஃபெங்கில் எல்லோரும் அதைப் 'பெரிய தலை' என்பார்கள். அந்தக் காலத்தில் விளிம்பில் ஊதிக் காதருகே பிடித்தால் மெல்லிய ஓசை கேட்கும், அதை வைத்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவார்கள். இப்போது யாரும் ஊதுவதில்லை. தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே தரமும் ஓர் எண்ணும் ஒட்டித் தருகிறார்கள். எண்ணைக் கைபேசியில் தட்டினால் அந்தக் காசின் படம் வரும். பெட்டியை உடைத்தால் தரம் போச்சு. அப்பா தன் காசை அப்படி மூடி வைத்திருந்தார்.

அந்தக் காசில் மீசைக்குக் கீழே நீலமும் கறுப்பும் கலந்த ஒரு புள்ளி உண்டு. சாய்த்துப் பிடித்தால் அதன் நிறம் மாறும். அப்பா அதைப் பெரிது பெரிதாகப் படம் எடுத்து, எண்ணையும் மறைக்காமல், காசு சேர்ப்பவர்களின் குரூப்பில் போட்டார். அங்கே எல்லோருக்கும் அவர் கெங் ஐயா. "புதுசா வர்றவங்க ஒப்பிட்டுப் பார்த்துக்கட்டும்" என்றார். கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று நினைக்கிறேன்.

லுவோ சாங்கென் மாமா அப்பாவோடு பேரிங் ஆலையில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தக் காசைத் தனக்குக் கொடு என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஒவ்வொரு முறையும், "நான் செத்தா எடுத்துக்கோ" என்பார். "நீ சாகறதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிடும்டா" என்பார் மாமா. அவர் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. மற்றபடி அவர் சேர்த்ததெல்லாம் தேய்ந்த காசும் ஓட்டைக் காசும்தான். அவர் மனைவி, எங்கள் அத்தை, திட்டுவார்: "குப்பையா சேர்க்கிறதுக்கு நல்லதா ஒண்ணு வாங்கக் கூடாதா?"

போன இலையுதிர் காலத்தில் அத்தை இறந்துபோனார். பனிக்காலம் முடிந்ததும் மாமா தன் குப்பையை எல்லாம் விற்று, கைபேசியில் நடக்கும் நேரலை விற்பனையில் தரம் போட்ட பெரிய தலை ஒன்று வாங்கி, படத்தைக் குரூப்பில் போட்டார். கீழே இரண்டே வார்த்தை: "வாங்கிட்டேன், கிழவி."

முதலில் கவனித்தவன் ஃபான் கே. ஞாயிற்றுக்கிழமைக் காசுச் சந்தையில் கடை போட்டிருக்கும் இளைஞன். லுவோ மாமாவின் பெட்டியிலும் அப்பாவின் பெட்டியிலும் ஒரே எண். "ரெண்டுல ஒண்ணு போலி. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ரெண்டையும் எடுத்துட்டு வாங்க" என்று எழுதினான்.

சனிக்கிழமை மதியமே மாமா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா ஆட்டுச்சாறில் நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தார்.

"வாங்கறதுக்கு முன்னாடி எண்ணைத் தட்டிப் பார்த்தேன்டா. படம் வந்துச்சு. அதே காசு, அதே புள்ளி" என்றார் மாமா.

"அது என் காசோட படம்."

"அப்ப உன்னுதுதான் போலி" என்று சிரித்தார் மாமா. பிறகு சிரிப்பு நின்றது. "நல்லா பார்த்துச் சொல்லு. எனக்குத்தான் கண்ணு தெரியலையே."

அவர் புகை பிடிக்கக் கீழே இறங்கிப் போனார். அப்பா இரண்டு பெட்டியையும் ஜன்னலோரம் கொண்டுபோய் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். மாமாவின் காசிலும் புள்ளி இருந்தது, அதே இடம், அதே வடிவம். ஆனால் சாய்த்தபோது நிறம் மாறவில்லை.

"என் போட்டோவைப் பார்த்துத்தான் செஞ்சிருக்கான்" என்றார் அப்பா. "எண்ணையும் நான்தான் காட்டிக்கொடுத்திருக்கேன்."

"மாமாகிட்ட சொல்லிட்டு உங்களோடதைக் குடுத்துடுங்களேன்பா."

"சொன்னா வாங்கிப்பானா? மூஞ்சில விட்டெறிஞ்சிட்டுப் போவான்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா தன் பெட்டியை மாமாவின் துணிப்பைக்குள் வைத்தார். மாமாவுடையதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீ எதையும் பார்க்கலை, லான்" என்றார். நான் தலையாட்டினேன்.

"என்னடா, எது?" என்று கேட்டபடி மாமா உள்ளே வந்தார்.

"உன்னுது நல்லாத்தான் இருக்கு. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஃபான் கே உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, ஊதா விளக்கையும் அடித்துப் பார்த்தான். லுவோ மாமாவுடையது நல்ல காசு, அப்பாவுடையது போலி என்றான். மாமா அப்பாவின் முதுகில் தட்டினார். "உன்னையும் ஏமாத்திட்டாங்களா? நிபுணர்னு பேரு வேற. வாடா, சூப் நான் வாங்கித் தரேன்."

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

"கொஞ்சம் இருங்க" என்றான் ஃபான் கே. அப்பா குரூப்பில் போட்டிருந்த பழைய படத்தைக் கைபேசியில் எடுத்து மாமாவின் காசோடு வைத்துப் பார்த்தான். "இந்தப் படத்துல இருக்கிறது லுவோ ஐயா கையில இருக்கிற காசுதான். விளிம்புல இருக்கிற கீறல்கூட அதேதான். அப்ப நல்ல காசு முதல்ல கெங் ஐயாகிட்ட இருந்திருக்கு. எப்படி நேரலைக்காரன்கிட்ட போச்சு? சொல்லுங்க ஐயா. நல்லதை வித்துட்டு, போலியை வெச்சு எங்களுக்குப் பாடம் எடுத்தீங்களா?"

"அவர் பார்த்து நல்லதுன்னு சொன்ன காசு ரெண்டு எங்கிட்ட இருக்கு" என்றார் கூட்டத்தில் ஒருவர். "அதெல்லாம் என்ன கதியோ."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். மாமாவும்தான். "அப்படியாடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். மாமா பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்பா அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"நான் எத்தனை தரம் கேட்டேன்" என்றார் மாமா. "என் கிழவி இருக்கும்போதே கேட்டேன். செத்தா எடுத்துக்கோன்னு சொன்ன. முன்னப்பின்ன தெரியாதவனுக்கு வித்திருக்க. எங்கிட்ட நேரா வித்திருக்கலாமேடா."

அவர் சூப் வாங்கப் போகவில்லை. அன்று மாலைக்குள் அப்பாவைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். அப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சைக்கிளைத் துடைக்கிறார். துடைத்ததையே மறுபடியும் துடைக்கிறார்.

இனி இன்று நடந்தது.

மாமா ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தார். கடையில் நான் மட்டும் இருந்தேன். என்னைப் பார்த்ததும் திரும்பிவிடப் பார்த்தார், பிறகு மேசையருகே வந்தார்.

"நீ இங்கதான் வேலை பார்க்கறன்னு மறந்துட்டேன். உவூசி ஊருக்கு அனுப்பணும்."

எந்தப் பார்சலையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், அது எங்கள் விதி. "திறக்கணும் மாமா" என்றேன். பஞ்சுக்கு நடுவே அந்தப் பெட்டி இருந்தது. நான் கொஞ்சம் சாய்த்தேன். புள்ளி நீலமானது.

"விக்கறீங்களா?"

"வெச்சிருக்க முடியலைம்மா. எடுத்துப் பார்த்தா அவ ஞாபகம் வரும்னு வாங்கினேன். உங்கப்பன் மூஞ்சிதான் வருது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாழாப்போன புரை" என்றார்.

மாமா, இது அப்பாவுடையது. அவரே உங்கள் பைக்குள் வைத்தார். இந்த வாக்கியங்களை மனத்துக்குள் வரிசையாக அடுக்கினேன். இதைச் சொன்னால், நேரலையில் அவர் வாங்கியது போலி என்பதையும் சொல்ல வேண்டும். அத்தைக்காக எல்லாவற்றையும் விற்று வாங்கியது பிளாஸ்டிக்கில் மூடிய வெறும் தகடு என்று. சொல்லாவிட்டால் அப்பா கொடுத்தது இன்று சாயந்திரம் லாரி ஏறிப் போய்விடும். எது பெரிய இழப்பு என்று கூட்டிக் கழித்துப் பார்த்தேன். என் கணக்கு எப்போதும் தாமதமாகத்தான் முடியும்.

"ஒட்டும்மா, எனக்கு பஸ் வந்துடும்" என்றார்.

ஒட்டினேன். உடையும் பொருள் என்று சிவப்புத் தாளும் ஒட்டினேன். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "உங்கப்பனுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "நான் கேட்டேன்னு சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"கடைப் பக்கம் லுவோ வர்றதுண்டா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"இன்னைக்கு வந்தார்."

"காசு வெச்சிருக்கானா?"

"வெச்சிருக்கார்பா. தினமும் எடுத்துப் பார்க்கறாராம்."

அப்பா சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அது போதும்" என்றார்.