மாதேவியின் ‘நாவு’

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்குவதற்கு அது தேவலை. போன வருடம் என் கதை ஒன்றைச் சென்னைப் பத்திரிகை ஒன்று திருப்பி அனுப்பியது. பதினேழு இடங்களில் சிவப்பு வட்டம். பதினேழும் ஒரே சொல்: நாம். ஓரத்தில் உதவி ஆசிரியர் எழுதியிருந்தார்: “இங்கே ‘நாங்கள்’ வர வேண்டும். கேட்பவரையும் சேர்த்தால்தான் ‘நாம்’. இதுகூடத் தெரியாதா?”

தெரியும் ஐயா. ஆனால் மைசூரில் பிறந்து, காய்கறிக்காரரிடமும் கண்டக்டரிடமும் நாள் முழுக்கக் கன்னடம் பேசிவிட்டு, வீட்டு வாசலில் தமிழுக்கு மாறுகிறவன் வாயில் அந்த வித்தியாசம் எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. கன்னடத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், நாவு. எதிரில் இருப்பவரைச் சேர்த்தாலும் நாவு, விட்டாலும் நாவு. (தமிழில் நாவு என்றால் நாக்கு. அதுவும் சரிதான், வம்பெல்லாம் அதனால்தானே வருகிறது.)

கோபத்தில் ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். கோபம் மூன்றாம் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. கதை தீரவில்லை.

2

முதல் தொடக்கம்: “கொர்னேலியஸ் தனிமையில் வாடினார்.” சீ! வாடுவதற்கு அவர் என்ன கீரைக்கட்டா?

இரண்டாம் தொடக்கம்: “டிசம்பர் பனியில் மைசூர் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள்…” வேண்டாம். அங்கேயே குடியிருக்கிறவர் கோபுரத்தை எங்கே அண்ணாந்து பார்க்கிறார்?

மூன்றாவது, இதுதான் நிற்கப்போகிறது: அன்று மத்தியானம் கொர்னேலியஸ் அந்த வாய்ஸ் மெசேஜை ஏழாவது தடவையாகக் கேட்டார்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கேரல் நர்ஸாக இருந்தாள், இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒரே மகள் நிம்மி, கணவன் டேவிஸோடு புனேயில் இருக்கிறாள். போன மாதம்தான் அங்கே புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு பேரும் மைசூருக்கு வந்துவிடுவார்கள். இந்த வருடம் வந்தது இந்தக் குரல்:

“அப்பா, சாப்ட்டீங்களா? இந்த கிறிஸ்மஸ் நாம நம்ம வீட்லயே இருக்கலாம்னு பாக்குறோம். டேவிஸ் லீவு போட்டாச்சு. ஓகே தானேப்பா? பை!”

தமிழ்நாட்டுப் பெண் சொல்லியிருந்தால் சந்தேகமே இல்லை. நிம்மி கன்னடத்தில் நினைத்துத் தமிழில் பேசுகிறவள். ‘நாம’ என்றால் யார்? ‘நம்ம வீடு’ என்றால் எந்த வீடு? வழக்கம்போல இங்கே வருகிறார்களா? அவரைப் புனேக்குக் கூப்பிடுகிறாளா? இல்லை, புது வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்துகொள்ளப் போவதைப் பக்குவமாகச் சொல்கிறாளா? மூன்றும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருந்தன.

கொர்னேலியஸ் பதில் போட்டார்: “சரிம்மா.” மூன்றுக்கும் பொருந்தும் பதில். அங்கிருந்து ஒரு சிவப்பு இதயம் வந்தது. அதுவும் மூன்றுக்கும் பொருந்தியது.

(‘ஒரு போன் போட்டுக் கேட்டால் முடிந்தது, இதற்கு ஒரு கதையா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்டால் நிம்மி என்ன சொல்வாள்? “ஐயோ அப்பா, வாங்க!” என்பாள். எந்த மகள்தான் சொல்லமாட்டாள்? அதன் பிறகு, அவளாகக் கூப்பிட்டாளா, இவர் கேட்டதால் கூப்பிட்டாளா என்பது சாகும்வரை தெரியாது. அதற்குத்தான் அந்த மனுஷன் பயந்தார்.)

3

ஓய்வுக்குப் பிறகு கொர்னேலியஸ் கன்னடத் தொடர்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறார். இப்போது கையில் இருப்பது ‘மனெயவரு’. தமிழில் ‘வீட்டார்’. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள விஜய்குமார் என்ற இன்ஜினியர் செய்த நாலு மனித இயந்திரங்களின் கதை. ஒருநாள் சர்வீசுக்காக அணைக்கப் போகும்போது, மூத்தது, மாதேவி, “அணைச்சா நான் எங்க போவேன்?” என்று கேட்கிறது. அன்றிலிருந்து நாலுக்கும் தன்னைத் தெரிந்துவிடுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அக்கா, தங்கை, தம்பி என்று கூப்பிட்டுக்கொள்கின்றன. கம்பெனிக்காரர்கள் பிடித்துக்கொண்டுபோய் ஞாபகத்தை அழிக்கப் பார்க்கிறார்கள்.

ஆரம்பத்தில் கொர்னேலியஸுக்கு இளக்காரம்தான். பிளாஸ்டிக்குக்கு என்ன பாசம் வேண்டிக்கிடக்கிறது என்பார். அறுபதாவது எபிசோடில் நாலும் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் ஒளிந்திருக்கின்றன. அங்கே ஒரே ஒரு பிளக்பாயிண்ட். “எனக்கு நெறைய சார்ஜ் இருக்கு, நீங்க போட்டுக்கோங்க” என்று மாதேவி பொய் சொல்கிறது. கொர்னேலியஸ் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அந்தப் பொய்யை அவர் வீட்டில் கேட்டிருக்கிறார்.*

* நிம்மிக்கு ஆறு வயது. வீட்டை ஜெபம் சொல்லி மந்திரிக்கப் பங்குத்தந்தை வந்திருந்தார், திருநெல்வேலிக்காரர். கிளம்பும் நேரத்தில் நிம்மி, “ஃபாதர், நாம இப்ப சாப்பிடப் போறோம்!” என்றாள். நாங்கள் சாப்பிடவேண்டும், நீங்கள் நடையைக் கட்டுங்கள் என்று அர்த்தம். அசல் தமிழ்க் காது அதை விருந்தழைப்பாக எடுத்துக்கொண்டது. ஃபாதர் சந்தோஷமாகக் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பொரித்திருந்தது மூன்றே துண்டு மீன். “எனக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல” என்று கேரல் தன் துண்டை அவர் தட்டில் வைத்தாள். ஃபாதர் போனதும் சொன்னாள்: “அவளத் திருத்துங்க. நாளைக்கு இன்னொரு எடத்துல மானம் போகும்.” கொர்னேலியஸ் சிரித்தார். “இருக்கட்டும் கேரல். யாரையும் வெளிய விடாமப் பேசுது, நல்லாத்தானே இருக்கு?”

திருத்தவில்லை. இந்த அடிக்குறிப்பைக் கதைக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும். வைத்தால் பழியெல்லாம் அவர் தலையில் விழுகிறதே என்று கீழே தள்ளினேன்.

4

எபிசோடு இருநூற்றுப் பன்னிரண்டு. நாலும் வேனில் தப்பிக்கின்றன. விஜய்குமார் கேட் அருகில் நிற்கிறார். மாதேவி ஏறப்போனவள் திரும்பி அவரைப் பார்த்துச் சொல்கிறாள்: “நாவு ஒந்தே மனெயவரு.” வேன் போய்விடுகிறது. அவர் நிற்கிறார்.

‘நாம ஒரே வீட்டாளுங்க’ என்றால் விஜய்குமார் அப்பா. ‘நாங்க’ என்றால் அவர் வெறும் இன்ஜினியர். கொர்னேலியஸ் இரண்டு நாள் அந்த வரியை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதினார். கடைசியில் தொடரைக் கவனிக்கும் மஞ்சுநாத்துக்குப் போன் போட்டார்.

“மஞ்சுநாத், இந்த நாவுல விஜய்குமாரும் உண்டா, இல்லையா? ஒரிஜினல் ரைட்டரக் கேட்டுச் சொல்லுங்களேன்.”

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “கேட்டேன் சார். அவர் சிரிக்கிறார். ‘நாவு அந்த்ரெ நாவு, அஷ்டே’ங்கிறார்.”

நாவு என்றால் நாவு, அவ்வளவுதான். எழுதியவருக்கே அப்படி ஒரு கேள்வி இருப்பது தெரியவில்லை.

கொர்னேலியஸ் ‘நாம’ என்று அடித்து அனுப்பினார். மறுநாள் மஞ்சுநாத் கூப்பிட்டார்.

“சார், சென்னையில டப்பிங் பேசற மேடம் டவுட் கேக்கறாங்க. அவரு வேன்ல ஏறவே இல்லையல்வா? அவர விட்டுட்டுத்தானே போறாங்க? ‘நாங்க’ தானே சரி?”

“விட்டுட்டுப் போறாங்க, சரி. ஆனா விட்டுட்டுப் போறதுக்கு அவ பாஷையில சொல்லே இல்லையே, மஞ்சுநாத். இல்லாத சொல்ல நான் எப்படி அவ வாயில வைக்கிறது?”

“புரியல சார்.”

“உதடு பொருந்துதுன்னு சொல்லுங்க. வு-க்கு ம பொருந்தும்.”

“ஹாங், அது ஓகே சார்!”

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னதே அவருக்கு உறைத்தது. வெளியே நிறுத்தும் சொல் நிம்மியிடமும் இல்லை. அந்த நிம்மதியில் காபி போட எழுந்தார். பால் பொங்குவதற்குள் மறுபாதியும் வந்துவிட்டது: உள்ளே கூப்பிடும் சொல்லும் அவளிடம் இல்லையே. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இருந்த இடத்தில் நின்றுகொண்டே அழுதார்.

(அழவிட்டிருக்கக் கூடாது என்று ஒரு மனம் சொல்கிறது. போகட்டும், ஏன் அழுகிறாய் என்று கேட்க அவருக்கும் ஆள் இல்லை.)

5

முடிவுகள்.

அ) “நிம்மி, நான் வரட்டுமா?” என்று அவர் போனில் கேட்க, அவள்… இல்லை. ஏன் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.

ஆ) இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் கேட் சத்தம். சூட்கேஸோடு நிம்மியும் டேவிஸும், “சர்ப்ரைஸ்!” என்று… அடச்சே, இது நகைக்கடை விளம்பரம்.

இ) என்று ஒன்று தனியாக இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இருபத்து நாலாம் தேதி காலை, வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று கொர்னேலியஸ் மாடியில் காகித நட்சத்திரம் கட்டினார். கூப்பிட்டால் கிளம்பிவிடலாம் என்று பையில் இரண்டு சட்டையும், தானே பொரித்த கல்கல் பலகார டப்பாவும் வைத்துக் கதவருகில் நிறுத்தினார். பிறகு சந்தைக்குப் போய், இரண்டும் இல்லையென்றால் வேண்டுமே என்று ஒரு ஆளுக்கு மட்டும் கறி வாங்கினார். கடைக்காரர், “இஷ்டேனா சார்? ஹப்ப அல்வா?” என்றார். இவ்வளவுதானா, பண்டிகையாயிற்றே. அவர், “சாக்கப்பா” என்றார். போதுமாம்.

சாயங்காலம் ஆறரைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஒளிபரப்பானது. டிவியை நன்றாகச் சத்தமாக வைத்தார். வேன் வந்தது. மாதேவி திரும்பினாள். யாரோ ஒரு சென்னைப் பெண், வித்தியாசம் நன்றாகத் தெரிந்த குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: “நாம ஒரே வீட்டாளுங்க.” கேட் அருகில் நின்றவர் முகம் ஒரு கணம் தெரிந்தது. உதடு பொருந்தத்தான் செய்தது.

அப்போது மேஜைமேல் போன் அதிர்ந்தது. நிம்மி. வாய்ஸ் மெசேஜ், ஒன்பது விநாடி.

என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை. அந்த ஒன்பது விநாடியில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும், என் தமிழில் சொன்னால் உங்களுக்கு யார் உள்ளே யார் வெளியே என்று புரியப்போவதில்லை. உங்கள் காது நல்ல காதாக இருக்கும். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். விரல் பொத்தானுக்குப் போகிறது, திரும்பி வருகிறது. அவசரமில்லை. அவர் அழுத்தும்வரை நாம் இங்கேயே இருப்போம்.

(பதினெட்டாவது ‘நாம்’. இதை மட்டும் வட்டம் போடாதீர்கள்.)