காவலுக்கு நின்ற கொடி

அந்த வாடை ஒரு காலையில் இல்லாமல் போனபோது வினிதா சந்தோஷப்பட்டாள்.

முதலிபாளையத்தில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு அடுத்த கொட்டகை, துணியில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறை. செக்கிங் மேசையில் நின்று டீ சர்ட்டுகளை உள்ளும் புறமும் திருப்பி ஓட்டை பார்ப்பவளுக்கு, சன்னல் வழியே வரும் சாய வாடைதான் வயிற்றில் பிள்ளை நின்றதிலிருந்து எமன். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்தே பொழுதை ஓட்டினாள். அன்றைக்குப் பழத்தை எடுக்கவே இல்லை. மத்தியானம் வெள்ளையம்மாளின் கருவாட்டுக் குழம்பையும் கேட்டு வாங்கிச் சோற்றில் ஊற்றிக்கொண்டாள்.

"ஏ தாயி, நேத்து வரைக்கும் என் டப்பாவத் தொறந்தாலே எந்திரிச்சு ஓடுவ. இன்னைக்கு என்ன, வழிச்சு நக்குற?" என்றாள் வெள்ளையம்மாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

"மசக்கை தீந்துபோச்சுங்க்கா. வாடையே தெரியறதில்லீங்க."

"உள்ள இருக்கற பய கருவாட்டுக்கு ஆசப்பட்டு உன் மூக்க அடைச்சுப்புட்டான்."

மேசை முழுக்கச் சிரித்தது. ஏழாம் மாதத்தில் தீருகிற மசக்கை என்ன மசக்கை என்று யாருக்கும் தோன்றவில்லை. கொரோனா இரண்டாவது முறையாக ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்த சித்திரை மாதம் அது. உடம்பு சுடுகிறவர்களைக் கம்பெனி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வினிதாவுக்கு உடம்பு சுடவே இல்லை.

பிறகு வயிற்றுக்குள் உதை குறைந்தது. தூங்குகிறான் என்று நினைத்தாள். வெயிலுக்குச் சோர்ந்திருப்பான் என்று நினைத்தாள். ஒருநாள் காலை முதல் சாயங்காலம் வரை அசைவே இல்லாமல் போக, கணவன் வேல்குமார் அவளைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். துடிப்பு இல்லை என்றார்கள். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, உங்களுக்குக் கொரோனா வந்திருக்கிறது என்றார்கள். பிரசவ வலி வர மருந்து ஏற்றினார்கள். பெற்றாள். பையன். நகங்கள்கூட வளர்ந்திருந்தன.

வேல்குமார் அவனைக் குடும்பம் வெள்ளாமை செய்யும் காட்டின் மூலையில் புதைத்து, தலைமாட்டில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தான். கூடவே புதைக்க வேண்டிய நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு என்று ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். மாமியார் சாரதாமணிக்கு அதுவே ஒரு குறை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சுவரோரமாக நின்று அவர் சொன்னது வினிதாவின் காதில் விழுந்தது.

"தாய்க்கு வந்த நோவு புள்ளைக்கும் எறங்கிருச்சாட்ட இருக்குது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் வினிதாவுக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கொழுந்தனின் கைக்குழந்தை தவழ்ந்து பக்கத்தில் வந்தால் சட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவாள். தன் கை பட்டாலே ஆகாது என்பதுபோல.

பரிசோதனை முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது அவள் ஒரே ஒரு கேள்வியோடுதான் போனாள். டாக்டர் சித்ராதேவியின் எதிரே உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள்.

"என்ற பையனுக்கு நான் குடுத்துட்டனுங்களா?"

டாக்டர் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்தார். "இல்லீங்க. அவன் மூக்கு, தொண்டை, தொப்புள்கொடி ரத்தம் எல்லாத்தையும் பார்த்தோம். எதுலயும் அந்த வைரஸ் இல்ல. அவன்கிட்ட அது போய்ச் சேரவே இல்லைங்க."

"அப்புறம் எப்படிங்க…" வேல்குமாரால் முடிக்க முடியவில்லை.

"நஞ்சுக்கொடியில நின்னுபோச்சு. அது முழுக்க வைரஸ்."

வினிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் அதைப் பார்க்கலாங்களா?"

டாக்டர் தயங்கினார். பிறகு எழுந்து அவர்களைப் பின்கட்டில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப்போனார். ஒரு பிளாஸ்டிக் வாளியின் மூடியைத் திறந்ததும் மருந்து நெடி சுரீரென்று மூக்கில் ஏறியது. வினிதாவின் கண்களில் நீர் வந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு ஒரு வாடை.

கையுறை போட்டுக்கொண்டு டாக்டர் அதை ஒரு தட்டில் எடுத்து வைத்தார். சோதனைக்கு அங்கங்கே வெட்டியதுபோக மிச்சம். "நல்லா இருக்கறது கரும்சிவப்பா, மெத்துனு இருக்கும். மருந்துல போட்டா எதுவுமே கொஞ்சம் இறுகும்தான். ஆனா இது பிறந்த அன்னைக்கே இப்படித்தான் இருந்துச்சு." வெட்டிய இடத்தில் வெளுத்த கோடுகள், சாம்பல் திட்டுகள். வினிதாவும் ஒரு கையுறை கேட்டு வாங்கி, துணியில் குறை தேடுகிற விரல்களால் மெதுவாகத் தடவினாள். மரப்பட்டைபோல் இறுகிக் கிடந்தது.

"இது யாரோடதுன்னு நினைக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"என்னோடதுங்க."

"பெரும்பகுதி அவனோடது. கண்ணு, கை, கால் எல்லாம் வர்றதுக்கு முந்தியே புள்ளை தனக்காக இதைப் பண்ணிக்குது. உள்ள வேர் மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு போகும். அத்தனையையும் விரிச்சா இந்த ரூம் தரை முழுக்க வரும். உங்க ரத்தம் அதைச் சுத்தி ஓடும். அவன் ரத்தம் அதுக்குள்ள ஓடும். ரெண்டும் கலக்காது. மூச்சும் சாப்பாடும் மட்டும் தாண்டும்."

வினிதா தரையைப் பார்த்தாள். சுவரிலிருந்து சுவர் வரை. கைக்குள் அடங்குகிற இதற்குள்ளேயா?

நுண்ணோக்கியோடு இணைத்த திரையில் டாக்டர் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று யாரோ ஒரு நல்ல பிரசவத்தினுடையது. கிளை கிளையாக, நடுவே ஓட்டத்துக்கு இடம் விட்டு. மற்றது அவளுடையது. இடைவெளியெல்லாம் பசை ஊற்றியதுபோல் அடைபட்டிருந்தது.

"ரப்பர் பிரிண்ட் அடிச்ச துணியாட்ட இருக்குதுங்க," என்றாள் வினிதா. "காத்து போகாது."

"அதேதாங்க. வைரஸைத் தடுத்துச்சு. அந்தச் சண்டையில அதோட மேல்தோல் செத்துப்போச்சு, ரத்தம் உறைஞ்சு வழியெல்லாம் அடைஞ்சுபோச்சு. கடைசியில அவனுக்கு மூச்சு குடுக்க முடியல. கொரோனா வர்ற எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. ரொம்ப அபூர்வம்."

"வாடை போனப்பவே நான் இங்க வந்திருந்தா?"

"அடிக்கடி பார்த்திருப்போம். காப்பாத்தியிருப்போம்னு என்னால சொல்ல முடியாதுங்க."

அந்த நேர்மையை வினிதா தாங்கிக்கொண்டாள். டாக்டர் தட்டில் இருந்ததை மெல்லத் திருப்பி வைத்தார். பிள்ளையைப் பார்த்திருந்த பக்கம். இங்கே ஒரு பொட்டுச் சேதம் தெரியவில்லை. தொப்புள்கொடியின் அடியிலிருந்து ரத்தக் குழாய்கள் பளபளக்கும் தோலின்மேல் ஒரு மரம்போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. அவள் தன்னையறியாமல் கைகளைக் கூப்பினாள். வேல்குமாரும் செருப்பைக் கழற்றினான்.

"இதை ஊட்டுக்குக் கொண்டுபோலாங்களா?" என்று அவன் கேட்டான்.

"மருந்துல கிடந்தது. மண்ணுல போடக்கூடாதுங்க." டாக்டரின் குரல் தணிந்திருந்தது.

வீட்டில் சாரதாமணி கூலிக்கு வந்த டீ சர்ட்டுக் குவியலின் நடுவே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரியை வைத்துவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன கண்ணு சொன்னாங்க?"

வினிதா எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "பையன் மேல ஒரு துளி நோவு இல்லீங்க அத்தை. சுத்தமா இருந்தானுங்க. கொடிதான் முன்னால நின்னு வாங்கிக்கிச்சு." சொல்லும்போதே கொழுந்தனின் குழந்தை தவழ்ந்து வந்து அவள் சேலையைப் பற்றி எழ முயன்றது. அவள் எழுந்து போகவில்லை. ஒரு கையை அதன் முதுகில் வைத்தபடியே பேசி முடித்தாள்.

சாரதாமணி மடியில் கிடந்த டீ சர்ட்டை எடுத்துக் குவியலில் போட்டார். பிறகு, "நான் ஒண்ணு சொல்லிப்போட்டன், உன்ற காதுலயும் விழுந்திருக்கும்," என்றார். "ஊர் எல்லையில நிக்கற கருப்பராயனாட்ட நின்னிருக்குது அது. நாம அதுக்கு ஒரு கல்லுகூட வெக்கலையே சாமி."

விடிந்ததும் மூவரும் காட்டுக்குப் போனார்கள். வாய்க்கால் ஓரத்தில் தேடி, கைக்குள் அடங்குகிற ஒரு கல்லை வினிதா எடுத்து வந்து கழுவினாள். சாரதாமணி மஞ்சள் பூசினார். பிள்ளையின் கல்லுக்குப் பக்கத்தில் வைக்கப் போன வேல்குமாரை வினிதா தடுத்தாள்.

"அங்க இல்லீங்க. இவத்தைக்கு வாங்க. முன்னால."

வெளியே இருந்து எது வந்தாலும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதுபோல, காட்டுக்குள் வரும் தடத்தைப் பார்த்து அந்தக் கல்லை நிறுத்தினார்கள்.