ரேகுலாவின் திங்கட்கிழமைக் கூட்டம்

செங்கம் ரோட்டில் பலராமனும் சுவிட்சர்லாந்துக்காரி ரேகுலாவும் கூட்டாகக் கஃபே திறந்து, 2001 தை மாசத்தோடு ஒரு வருஷம். இடம் அவருடையது, அடுப்பும் ரொட்டிப் பக்குவமும் அந்தம்மாவுடையது. சண்டை சச்சரவு கிடையாது. திங்கட்கிழமைக் கூட்டம்தான் தொல்லை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் தான் செய்த தப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவங்க ஊர் வழக்கமாம். நம்ம ஊரில் அடுத்தவர் தப்பைச் சொல்லத்தானே கூடுவோம். பலராமன் ஐம்பது வாரமாக ஒன்றையேதான் சொல்லி வந்தார்: "இந்த வாரம் எதுவும் இல்லை."

சமையலுக்கு இருந்த கன்னியம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது, ரேகுலாவுக்குத் தமிழ் வராது. நடுவில் மொழிபெயர்க்கப் பலராமன்.

அன்றைக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள். காகிதம் மேசைமேல் இருந்தது. ரேகுலா கையெழுத்துப் போடாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். கன்னியம்மாள் முந்தானையைக் கசக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இந்தம்மா புருஷனை விட்டுட்டு ஓடி வந்தவங்கன்னு டீக்கடையில பேசினாங்க. நானும் கேட்டுச் சிரிச்சேன். தப்புங்க."

பேசியது பலராமனேதான். ரேகுலாவின் புருஷன் நோயில் செத்தது அவருக்கு நன்றாகத் தெரியும். செத்துட்டார் என்றால் டீ ஆறுவதற்குள் கதை முடிந்துவிடுமே. கேட்ட நாமும்தான் இன்னொரு டீ சொன்னோம்.

என்ன சொல்கிறாள் என்று ரேகுலா கேட்டாள். பலராமன் மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"பருப்புல உப்பு ஜாஸ்தி ஆயிடுச்சாம்" என்றார் இங்கிலீஷில்.

ரேகுலா எழுந்து போய்க் கன்னியம்மாளைக் கட்டிக்கொண்டாள். இதற்கெல்லாம் வருத்தப்படலாமா என்று சொல்லச் சொன்னாள். அதை அவர், "அம்மா மன்னிச்சிட்டாங்க" என்று தமிழாக்கினார். கன்னியம்மாள் தேம்பித் தேம்பி அழ, உப்புக்குப் போய் இவ்வளவு மனசா என்று ரேகுலாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்து பலராமன் முறை. ஐம்பத்தோராவது தடவையாக அதையே சொன்னார். ரேகுலா கையெழுத்துப் போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு பேனாவை அவரிடம் நீட்டினாள். அவரும் போட்டார்.

வாசலில் அவர் செருப்பு மாட்டும்போது கன்னியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க பேரை நான் சொல்லலீங்க. உங்க முறை வந்தா நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்."

பலராமன் பூட்டிய செருப்பு வாரையே அவிழ்த்து மறுபடியும் பூட்டிக்கொண்டிருந்தார்.