ஒரு பாயிண்டில் போன கோப்பை

பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பிய சுடலைக்கண்ணு முதலில் தேடிப் போனது மசூதைத்தான். இருவரும் ஒரே டீமில் ஆடியவர்கள். மசூது இப்போது கடையநல்லூரில் தறி போட்டுத் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தான். அவர்கள் இருவருக்கும் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த நாறும்பூநாதன் மாஸ்டர் பாவூர்சத்திரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே போக மட்டும் சுடலைக்கண்ணுவுக்குக் கால் எழவில்லை. பர்மாவில் குண்டு விழுந்த இடத்தில்கூடத் தயங்காதவன், பாவூர்சத்திரத்தில் பஸ் நிற்கும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனி மாதம். தென்காசியில் வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. மசூது ஒருநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"ஏலே, ஞாயித்துக்கெழம தென்காசி பாஸ்கட் பால் கிளப்புல கூட்டம். குத்தாலத்துல நடக்கப்போற டோர்னமெண்டுல மாஸ்டருக்குப் பொன்னாடை போடலாமா வேண்டாமான்னு பேசுதாவ. நீ வரணும்."

"வேண்டாம்னு சொல்லுததுக்கும் ஆளு இருக்கா?"

"வல்லிநாயகம் அண்ணாச்சி இருக்காவல்லா. கிளப்புக்கு இடம் குடுத்ததே அவிகதான். தோத்துப்போன கோச்சுக்கு எதுக்குப் பொன்னாடைன்னு கேக்காவ."

தோற்றதற்குக் காரணம் தான்தான் என்று ஏழு வருடமாகச் சுடலைக்கண்ணுவின் மனதுக்குள் ஒரு கல் கிடந்தது.

அவர்கள் ஆடிய காலத்தில் சங்கரன்கோவில் பக்கம் ஒரு பஞ்சு மில் இருந்தது. அதன் முதலாளி சென்னையில் கூடைப்பந்து பார்த்துவிட்டு வந்து, தன் மில்லுக்கும் ஒரு டீம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். சென்னையில் தேகப்பயிற்சி படித்துவிட்டு வந்திருந்த நாறும்பூநாதனைச் சம்பளத்துக்கு வைத்தார். ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒரு ஆளுக்கு மாதச் சம்பளமா என்று சுற்று வட்டாரமே சிரித்தது. மாஸ்டர் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. மூட்டை தூக்குகிறவன், தறிக்காரன் மகன், வேலி தாண்டி ஓடுகிறவன் என்று ஆளைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தார். சுடலைக்கண்ணு அந்த மில்லில் பஞ்சு சுமந்துகொண்டிருந்தான். அவன் பிறந்த தெருக்காரர்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியாத காலம் அது. மாஸ்டர் அவன் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தார். வேறெதையும் அவர் கேட்கவில்லை.

இரண்டே வருடத்தில் அந்த டீம் மதுரையிலும் தூத்துக்குடியிலும் கோப்பை வாங்கியது. சிரித்தவர்களெல்லாம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தார்கள்.

பிறகு குற்றாலத்து டோர்னமெண்ட். சாரல் காலத்தில் ஊர் நிறைய ஜனம். இறுதி ஆட்டத்தன்று மத்தியானம், கோப்பை கொடுக்கும் பண்ணையார் தன் பங்களாவில் டீமுக்கு விருந்து வைத்தார். கூடத்தில் எல்லோருக்கும் இலை போட்டிருந்தார்கள். ஒரு இலை மட்டும் பின்கட்டில், மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. கணக்கப்பிள்ளை சுடலைக்கண்ணுவைப் பார்த்துக் கையை அந்தப் பக்கம் காட்டினார். சுடலைக்கண்ணு பழக்கதோஷத்தில் நடக்கத் தொடங்கிவிட்டான். மாஸ்டரின் குரல் அவனை நிறுத்தியது.

"ஏலே, எங்க போற? வந்து எம்பக்கத்துல உக்காரு."

"அது எங்க வழக்கத்துல கெடையாது மாஸ்டர்," என்றார் கணக்கப்பிள்ளை. "மத்தவங்க சாப்பிடட்டும். ஆட்ட நேரம் ஆகுது."

"அப்படின்னா எங்க எல்லாருக்கும் அங்கனயே இலை போடுங்க. தொழுவத்துப் பக்கமே உக்காந்துக்கிடுதோம்."

"பண்ணையாரு என்ன நெனப்பாவ?"

"அது அவிக பாடு," என்று மாஸ்டர் தன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். டீம் முழுக்க அவர் பின்னால் எழுந்தது. அருவிக்குப் போகும் வழியில் ஹாஜரா பீவி ஆப்பக்கடை போட்டிருந்தாள். கூட்டம் அள்ளிக்கொண்டு போனதுபோக மிச்சம் இருந்த ஆப்பத்தைப் பிய்த்துப் பங்கு வைத்துத் தின்றார்கள். வயிறு பாதிகூட நிறையவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் ஒரு பாயிண்டில் தோற்றார்கள். கடைசிப் பந்து சுடலைக்கண்ணுவின் கையிலிருந்து போனது. இரும்பு வளையத்தில் முட்டி வெளியே வந்தது. எதிராளிகள் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மறுபக்கம் கூடையில் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரமே மில்லில் மாஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பண்ணையாரும் மில் முதலாளியும் சொந்தக்காரர்கள். அந்த டீமும் கலைந்தது. சுடலைக்கண்ணு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பட்டாளத்தில் சேர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் மாடி அறையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தலைவர் வக்கீல் குற்றாலிங்கம் நடுவில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் வல்லிநாயகம், மடிப்புக் கலையாத ஜிப்பாவில். சுடலைக்கண்ணு உள்ளே நுழைந்ததும் திகைத்து நின்றான். பெஞ்சு ஓரத்தில் மாஸ்டரே உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. விரல் நகங்களில் சைக்கிள் கிரீஸ். முதுகு மட்டும் அப்படியே, கம்பு ஊன்றினதுபோல நிமிர்ந்திருந்தது.

"என்னப் பத்திப் பேசுததுன்னா நான் இருக்கயிலயே பேசுங்கன்னு சொல்லிட்டு வந்து உக்காந்திருக்காரு," என்று மசூது காதில் சொன்னான்.

வல்லிநாயகம் எழுந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவர்.

"நாறும்பூநாதன் இருக்கும்போதே சொல்லுதேன். எனக்கு அவரு மேல பகை கெடையாது. ஒரு வியாபாரிய லாபத்த வச்சு அளக்கோம். ஒரு வக்கீல, அவரு ஜெயிச்ச கேச வச்சு அளக்கோம். கோச்ச எத வச்சு அளக்க? மதுரையில ஜெயிச்சாரு, சரி. ஊரே பாத்த ஆட்டத்துல, நம்ம குத்தாலத்துல, கைக்கு வந்த கோப்பைய விட்டாரு. ஆட்டத்தன்னைக்குப் பிள்ளையளப் பட்டினி போட்டாரு. அதுக்கப்புறம் எந்த டீமும் அவரக் கூப்பிடல. இதுக்கு என்ன சொல்லுதீய?"

மசூது துள்ளி எழுந்தான். "பட்டினி போட்டது யாரு அண்ணாச்சி? மாஸ்டரா, பண்ணையாரா? மனுசன மனுசனா மதிக்காத இடத்துல எந்திரிச்சு வந்தாவ. வயித்துல சோறு இருந்திருந்தா நாங்க தோத்திருக்கவே மாட்டோம். அந்தத் தோல்விய மாஸ்டர் கணக்குல எழுதாதீய."

அறையில் சிலர் தலையாட்டினார்கள். சுடலைக்கண்ணு தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தான்.

"நான் பேசலாமா?" என்றான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "அந்த இலை எனக்குப் போட்டதுதான். கடைசிப் பந்த விட்டதும் நான்தான். மாஸ்டருக்கு வேலை போனது என்னால. பட்டாளத்துல எங்க கம்பெனிக்கு நான்தான் பாஸ்கட் பால் சொல்லிக்குடுத்தேன். அஸ்ஸாமுல, மழையில, மூங்கில்ல வளையம் கட்டி ஆடுனோம். பஞ்சாபிகாரன், மலையாளி எல்லாம் எங்கிட்டப் படிச்சான். ஒரே பந்தியில சாப்பிட்டோம். எல்லாம் மாஸ்டர் குடுத்தது. தப்பு யாரு மேலயாவது போடணும்னா எம்மேல போடுங்க."

வக்கீல் குற்றாலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாறும்பூநாதன், நீரு ஏதாவது சொல்லுதீரா?"

மாஸ்டர் மெல்ல எழுந்தார். முதலில் சுடலைக்கண்ணுவைப் பார்த்தார். பிறகு மசூதை.

"மசூது சொன்னது பொய். நல்ல எண்ணத்துல சொன்ன பொய். நாங்க பசியில தோக்கல. அரை வயித்தோட ஆடித்தான் கடைசி நிமிசம் வரைக்கும் ஒரு பாயிண்டு முன்னால நின்னோம். பசின்னு சொன்னா, அன்னைக்கு அப்படி ஆடுன பிள்ளையளுக்கு அவமானம்."

வல்லிநாயகம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பந்து எங்க கையில. நேரம் முடியப்போகுது. டைம் அவுட் கேட்டேன். அந்த நேரத்துல எந்தக் கோச்சும் என்ன சொல்லணும்? பந்தக் கைக்குள்ளயே வச்சுக்கிடுங்க, தட்டிக்கிட்டு சும்மா சுத்தி வாங்க, மணி அடிச்சிரும்னு சொல்லணும். எனக்கும் அது தெரியும். ஆனா நான் சுடலையப் பாத்து, உள்ள போ, கூடையில போடுன்னு சொன்னேன்."

"ஏன் வே?" என்றார் வல்லிநாயகம். கேள்வியில் இப்போது வாதம் இல்லை. ஆட்டம் தெரிந்தவனின் ஆவல்தான் இருந்தது.

"பண்ணையாரு முன் வரிசையில உக்காந்திருந்தாரு. கோப்பைய அவரு கையால குடுக்கணும். அதை ஜெயிச்ச கடைசிப் பந்து சுடலை கையிலருந்து விழணும்னு நெனச்சேன். ஜெயிக்கிறது எனக்குப் போதல. எப்படி ஜெயிக்கணும்னு ஆசப்பட்டேன். கோவம் தலைக்கேறி நின்னவன் கோச்சு வேல பாக்கல. இவன் சொன்னதச் செஞ்சான். எந்தப் பிழையும் இவன்கிட்ட இல்ல. அந்தத் தோல்வி எனக்குரியது. எழுதிக்கிடுங்க."

சுடலைக்கண்ணுவின் காதில் வேறெதுவும் விழவில்லை. மாஸ்டர் சொன்ன ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. அத்தனை பேருக்கு நடுவில், ஊரே பார்க்க, தன் கையால் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு மனிதர் ஆசைப்பட்டிருக்கிறார். ஏழு வருடமாகத் தான் சுமந்தது அவமானம் என்று நினைத்திருந்தான். அதற்குள்ளே இப்படி ஒன்று இருந்திருக்கிறது.

மாஸ்டர் உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. அந்த விருந்துல எந்திரிச்சு வந்ததத் தப்புன்னு யாராவது சொன்னா ஒத்துக்கிட மாட்டேன். நாளைக்கும் எந்திரிச்சு வருவேன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்காதீங்க. வேல போனதுல எனக்கு வருத்தம் உண்டு, வெக்கம் கெடையாது."

வல்லிநாயகம் ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பொன்னாடை போடுததுல எனக்குச் சம்மதம் இல்ல," என்றார். மசூதின் முகம் சிவந்தது. "பொன்னாடை, ஆட்டத்த விட்டு வீட்டுக்குப் போறவனுக்குப் போடுதது. தோல்விக்கு வானத்தையும் மழையையும் நடுவரையும் சொல்லுத கோச்சத்தான் நான் பாத்திருக்கேன். இவரு தன் தப்ப இன்னது இவ்வளவுன்னு பிரிச்சு எடுத்து வைக்காரு. அதுக்கு மேல ஒரு அணு கூட்டல, குறைக்கல. தென்காசி டீம இவருகிட்ட விடணும். சம்பளம் பேசிக்கிடலாம். வருவீரா, வே?"

"சாயங்காலம் மட்டும்தான் வர முடியும்," என்றார் மாஸ்டர், பொன்னாடையைப் பற்றி எப்போதுமே யோசித்திராதவர் போல. "காலையில கடையத் தொறக்கணும். ஆளு எடுக்கதுல யாரும் தலையிடக் கூடாது. எந்தத் தெருக்காரனா இருந்தாலும்."

"தலையிட மாட்டோம்," என்றார் வக்கீல். "நான் எழுத்துலயே தாரேன்."

கூட்டம் கலைந்தது. படி இறங்கும்போது மாஸ்டர் சுடலைக்கண்ணுவின் தோளில் கை வைத்தார். பழைய கனமான கை.

"பட்டாளத்துலருந்து வந்து எத்தன நாளாச்சுலே?"

"ஒரு மாசம் ஆகப்போகுது மாஸ்டர்."

"ஒரு மாசமா என் கடை உனக்குக் கண்ணுல படல."

சுடலைக்கண்ணு தலையைத் தொங்கப்போட்டான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு மாஸ்டராகவே சொன்னார்: "அது நல்ல பந்துலே. வளையத்துல ஒரு விரக்கடை உள்ள விழுந்திருந்தா இன்னைக்கு என்னப் பெரிய மேதைன்னு சொல்லியிருப்பாவ. அப்பவும் நான் செஞ்சது தப்புதான். யாருக்கும் தெரிஞ்சிருக்காது, அவ்வளவுதான்."

"திரும்ப அப்படி ஒரு நேரம் வந்தா?"

"பந்தப் பிடிச்சு வச்சுக்கன்னு சொல்லுவேன்," என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டுச் சிரித்தார். சுடலைக்கண்ணுவும் சிரித்தான்.

மறுநாள் சாயங்காலமே தென்காசி மைதானத்தில் பயிற்சி தொடங்கியது. சாரல் நனைத்த செம்மண்ணில் இளவட்டங்கள் வரிசையாக நின்றார்கள். பட்டாளத்திலிருந்து வந்தவன் ஆடுகிறான் என்று கேள்விப்பட்டு, வேலியைச் சுற்றி நிறையப் பேர் கூடியிருந்தார்கள். வல்லிநாயகமும் குடையோடு வந்து நின்றார். மாஸ்டர் பந்தைச் சுடலைக்கண்ணுவிடம் எறிந்து, போட்டுக் காட்டச் சொன்னார். அவன் குதித்துப் போட்டான். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. வேலிக்கு வெளியே கைதட்டினார்கள்.

"முழங்கைய வெளிய விரிச்சுக்கிட்டு இருக்க," என்றார் மாஸ்டர், எல்லோருக்கும் கேட்கும்படி. "இத்தன வருசத்துல யாரும் உனக்குச் சொல்லலையா? உள்ள வைலே. திரும்பப் போடு."

ஹவில்தார் சுடலைக்கண்ணு அத்தனை பேருக்கு முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, முழங்கையை உள்ளே இழுத்து, பந்தைத் திரும்பப் போட்டான்.