ஒரு சாண் உயரத்தில் நான்கு நொடி

என் கணவர் பியோ சாங்து இறந்து, நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறு வாரம், கிரேன் செய்யும் நிறுவனத்திலிருந்து குவாக் என்ற பொறியாளர் ஒரு கூடை பேரிக்காயோடு வீட்டுக்கு வந்தார். கூடவே என் கணவரோடு பூசான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நோ என்பவரும் வந்தார்.

அந்த நிறுவனத்தின் புதிய கிரேனில் ஆள் ஏறுவதில்லை. என் கணவரின் கை அசைவுகளை மூன்று ஆண்டுகள் பதிவுசெய்து, அதை வைத்துத்தான் அதற்குக் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒரு பெட்டியைக்கூட நசுக்காதவர் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"அம்மா, ஐயா பெட்டிய இறக்கும்போது லாரிக்கு ஒரு சாண் மேல நாலு நொடி நிறுத்துவாரு. ஒவ்வொரு தடவையும். கிரேனும் அதே மாதிரி நிறுத்துது. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் குவாக்.

"காத்துல ஆடுற பெட்டி அடங்கட்டும்னு நிறுத்துவாரு," என்றார் நோ.

"காத்தே இல்லாத நாள்லயும் நிறுத்தியிருக்காரே?"

"அப்போ தோள் வலியா இருக்கும். அண்ணனுக்குச் சாப்பாட்டு மணி அடிச்சா மட்டும்தான் வேகம். இல்லையா அண்ணி?"

நான் சிரித்தேன். கணவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் முறை என்று அப்புறம்தான் உறைத்தது.

கப்பல் நிறுவனத்துக்கு மணிக்கு முப்பது பெட்டி என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிரேன் இருபத்தொன்பதில் நிற்கிறது. தடையாக இருப்பது பெட்டிக்கு அந்த நான்கு நொடிதான். வியாழக்கிழமை சோதனை. தேறினால் பன்னிரண்டு கிரேன்களுக்கு ஆர்டர்.

"எடுத்துட வேண்டியதுதானே?" என்றேன். வாய்தான் சொன்னது.

"பயமா இருக்கும்மா. ஏதாவது காரணத்தோட வெச்சிருந்தா? வீட்டுல எப்பவாவது சொன்னாரா?"

சொன்னதில்லை. மறுநாள் என்னைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனார்கள். திரையில் ஆளில்லாத கிரேன் கப்பலிலிருந்து ஒரு நீலப் பெட்டியைத் தூக்கி வந்தது. லாரிக்கு ஒரு சாண் மேலே நின்றது. பெட்டியின் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணை நான் சத்தமாக வாசித்துவிட்டேன்.

அறையே திரும்பிப் பார்த்தது. பதினொரு ஆண்டுகள் அவர் கிரேனுக்கு அடியில் நின்று பெட்டி எண்களைக் குறித்தவள் நான். அங்கேதான் எங்கள் பழக்கமே தொடங்கியது. கேமரா வந்து எண்களைப் படிக்க ஆரம்பித்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அப்போ உங்களுக்காகத்தான் நிறுத்தியிருக்காரு!" குவாக் மேசையைத் தட்டினார்.

"அண்ணி வேலைய விட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சேப்பா," என்றார் நோ. "கீழ யாருக்கு நிறுத்தினாரு? பேய்க்கா?"

அடுத்த பெட்டி வந்தது. வாசித்தேன். அதற்கடுத்ததையும் வாசித்தேன். எண்ணைப் படிக்க இரண்டு நொடி போதும். மீதி இரண்டு நொடியும் பெட்டி சும்மா நின்றது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு நொடி எனக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. அப்படிச் சொன்னால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். இப்போது கீழே படிக்க ஆள் கிடையாது. என்னுடையது என்று சொன்ன அந்த நொடியிலேயே அது என்னிடமிருந்து போய்விடும்.

"ரெண்டு நொடி எனக்கு," என்றேன் கடைசியில். "அதை எடுத்துடுங்க. மீதி எதுக்குன்னு தெரியல. தெரியாதத வெட்டாதீங்க."

குவாக் உடனே ஒப்புக்கொண்டார். முதல் பெட்டியைக் கொக்கியில் மாட்டி வைத்துத் தொடங்கினால், இரண்டு நொடி குறைந்தாலே முப்பதை ஒட்டி வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். காரணம் தெரியாததில் கை வைக்க அவருக்கும் மனமில்லை.

வியாழக்கிழமை கப்பல் நிறுவனத்தின் கண்காணிப்பாளர், நரைத்த புருவக்காரர், கடிகாரத்தோடு வந்தார். குவாக் என்னையும் வரச் சொல்லியிருந்தார். முதல் பெட்டி கொக்கியில் மாட்டித் தயாராக இருந்தபோது நேரம் தொடங்கியது. ஒரு மணி நேரம் முடிந்தபோது இருபத்தொன்பது இறங்கியிருந்தது. முப்பதாவது, லாரிக்கு ஒரு சாண் மேலே, அந்தத் தெரியாத இரண்டு நொடியில் நின்றுகொண்டிருந்தது.

"முப்பது!" என்று கத்தினார் நோ.

"இன்னும் தொடலையே," என்றார் கண்காணிப்பாளர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பழைய ஆளுன்னு சொன்னாங்க. உங்க காலத்துல எப்போ எண்ணிக்கையில சேப்பீங்க? பெட்டி எண்ணைப் படிச்சதுமா, இறங்கினதுமா? நீங்க சொல்றதையே எழுதிக்கிறேன்."

குவாக் என்னையே பார்த்தார். நோ முழங்கையால் மெதுவாக இடித்தார். எண்ணை நான் படித்துவிட்டிருந்தேன். படித்ததும் என்று சொன்னால் போதும். கிரேன் தேறும், அந்த இரண்டு நொடியும் பன்னிரண்டு கிரேன்களில் இருக்கும்.

"பெட்டியோட நாலு மூலையும் லாரியில பதிஞ்சாத்தாங்க சேப்போம்," என்றேன்.

இருபத்தொன்பது என்று எழுதிக்கொண்டு, மறு சோதனைக்கு ஒரு வாரம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நோ சிகரெட்டைப் பற்றவைக்காமலே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணி, ஒரு வார்த்தைதானே. அண்ணன் இருந்திருந்தா தலையில அடிச்சிக்கிட்டிருப்பாரு."

"அடிச்சிருப்பாரா?" என்று நிஜமாகவே கேட்டேன். அவர் சிகரெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் குவாக் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னார். மீதி இரண்டு நொடியையும் எடுத்துவிட்டார்கள். முப்பது வந்துவிட்டது. ஆர்டரும் வந்துவிட்டது.

"பெட்டி ஏதாவது நசுங்குச்சா?"

"இல்லம்மா."

"கோணலா உக்காந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல. ஒண்ணுமே ஆகலம்மா."

நல்ல செய்திதான். தொலைபேசியை வைத்தேன். ஒன்றுமே ஆகவில்லை என்றால், அவர் அங்கே மேலே உட்கார்ந்துகொண்டு எதற்காகக் காத்திருந்தார்?