குந்திக்கொண்ட கார்

காலை ஏழரைக்கு வாட்ச்மேன் பூன்லெர்ட் போன் செய்தபோது சுனிசா பாதிப் பல் விளக்கியிருந்தாள்.

"மேடம், கொஞ்சம் கீழ வாங்க. உங்க வண்டி நகர மாட்டேங்குது."

"நியூட்ரல்லதானே இருக்கு? தள்ளுங்க அண்ணே."

"நாலு பேர் தள்ளிட்டோம் மேடம். உங்க வண்டி குந்திடுச்சு."

சுனிசாவுக்குப் புரிந்துவிட்டது. வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் ஓடினாள்.

லாட் பிரா பகுதியில் சுனிசா குடும்பம் இருந்த அடுக்குமாடியில் நூற்றெண்பது வீடுகள். கார் நிறுத்த தொண்ணூறு இடங்கள். தாமதமாக வருகிறவர்கள், ஏற்கெனவே நிற்கும் கார்களுக்குக் குறுக்கே நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் அவசரக்காரர்கள் தள்ளி வழி பண்ணிக்கொள்வார்கள். இதற்காக யாரும் யாரையும் எழுப்புவதில்லை. பதினைந்து வருடமாக அப்படித்தான் நடந்து வந்தது.

நேற்று கடைசியாக வந்தவன் அவள் கணவன் கிட்டி. காரின் மூக்கு ரப்பர் வேகத்தடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தான். இப்போது முன்பக்கம் முழுதாக இறங்கி, பம்பர் அந்த வேகத்தடைமேல் உட்கார்ந்திருந்தது. சக்கரங்கள் மட்கார்டுக்குள் புதைந்திருந்தன.

அடைபட்டு நின்ற கார் ஆறாம் மாடி விலாவனுடையது. பட்டுப் பாவாடை, தலையில் மல்லிகை, காருக்குள் அடுக்கடுக்காகப் பாத்திரங்கள்.

"இன்னிக்கு என் பியூட்டி பார்லர் திறப்பு விழா சுனிசா. ஒன்பது ஒன்பதுக்கு நல்ல நேரம். ஒன்பது பிக்குகள் வர்றாங்க. அவங்களுக்கான சாப்பாடு மொத்தமும் இந்தக் காருக்குள்ள இருக்கு. நீ என்னடான்னா பல் விளக்கிட்டு வர்ற."

"அக்கா, அஞ்சே நிமிஷம்..."

"உன் வண்டி எனக்கு மண்டிபோட்டுக் கும்பிடுது பாரு. எனக்கு இதெல்லாம் வேண்டாம், எழுந்திரிக்கச் சொல்லு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுனிசாவுக்குக் காது சுட்டது. எழுந்திரிக்கச் சொல்ல சாவி வேண்டுமே! சாவி கிட்டியின் கால்சட்டைப் பையில். கிட்டி மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏறி ரயில் நிலையத்துக்குப் போய்விட்டான்.

போனில் கத்தினாள். "ரயில் ஏறிட்டியா?"

"டோக்கன் வாங்கிட்டிருக்கேன். என்னாச்சு?"

"உன் செல்லப்பிள்ளை மறுபடியும் படுத்துடுச்சு. உடனே வா!"

ஏர் சஸ்பென்ஷன் வைத்த பழைய ஐரோப்பியக் காரை வாங்காதே என்று அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டாள். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் பை, அதற்குள் காற்று. பஞ்சர் ஆகாத ரப்பர் உலகத்தில் உண்டா? கிட்டி கேட்கவில்லை. அவள் மறுத்துப் பேச முடியாத காரணம் ஒன்று அவன் வைத்திருந்தான்: அவளுடைய அப்பா.

அப்பா பிரசோங்குக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஒருநாள் கோயில் வாசலில், நாற்பது பேர் பார்க்க, டாக்சிக்காரன் அவரை அரிசி மூட்டைபோல் தூக்கி உள்ளே வைத்தான். அதன் பிறகு பதினோரு மாதம் அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை. இந்தக் கார் ஒரு பொத்தானை அழுத்தினால் தாழ்ந்து கொடுத்தது. அவரே கதவைப் பிடித்துச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வெளியே கிளம்பினார்.

ஆனால் இரண்டு மாதத்தில் இது நான்காவது முறை. காற்றுப் பைகளைப் புதிதாகப் போடுவது பெரிய வேலை, இல்லாவிட்டால் சாதாரண ஸ்பிரிங்காக மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொம்போப் சொல்லியிருந்தான். ஸ்பிரிங் போட்டால் கார் இரண்டு விரல் உயர்ந்து நிற்கும், பொத்தானை அழுத்தினாலும் இறங்காது. இன்று மதியத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சொல்லிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தாள் சுனிசா. இன்றே சொல்லிவிடுகிறேன்.

எட்டு ஐந்துக்கு கிட்டி வியர்க்க வியர்க்க வந்தான்.

"ஒண்ணும் பதறாதீங்க. ஸ்டார்ட் பண்ணா தானா எழும்பும்."

இன்ஜின் உறுமியது. எங்கோ காற்றடிக்கும் மோட்டார் ஈனமாக முனகியது. இடது பக்கம் மெல்ல எழும்பியது. வலது பக்கம் அசையவில்லை. கார் ஒரு தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

"நல்லாத்தான் எழும்புது," என்றாள் விலாவன். "இதுல வந்தா நான் கடைக்குள்ளயே உருண்டு விழுந்துடுவேன்."

"அக்கா, ரெண்டு நிமிஷம் விட்டுப் பார்த்தா..."

"உன் ரெண்டு நிமிஷத்தை பிக்குங்ககிட்ட போய்ச் சொல்றியா கிட்டி?"

பூன்லெர்ட் கீழே குனிந்து பார்த்தான். தன் அறைக்குப் போய் ஸ்பேனருடன் வந்து படுத்தான். காரைத் தூக்குவதற்குப் பதிலாக வேகத்தடையையே கழற்றத் தொடங்கினான். துருப்பிடித்த எட்டு போல்ட். கடைசி போல்ட் கழன்றபோது எட்டே முக்கால். நான்கு பேர் ரப்பரை உருவி எடுக்க, கார் உடம்பைத் தேய்த்துக்கொண்டே ஆமைபோல ஊர்ந்து ஓரத்துக்குப் போனது. விலாவன் கும்பிடக்கூட நேரமில்லாமல் பறந்தாள்.

மோட்டாரிலிருந்து கருகல் வாசனை வந்தது. கிட்டி பதறிப்போய் இன்ஜினை அணைத்தான். இடது பக்கமும் புஸ்ஸென்று இறங்கி, கார் மொத்தமாகத் தரையோடு படுத்தது.

"சரி," என்றான் கிட்டி, அவளைப் பார்க்காமல். "ஸ்பிரிங்கே போட்டுடலாம். நீ சொன்னதுதான் சரி."

இதைக் கேட்கத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தாள். கேட்டதும் இன்னும் எரிச்சலாக இருந்தது. போனை எடுத்து சொம்போப்பின் எண்ணைத் தேடினாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. அப்பா. சலவைச் சட்டை, தடி, கையில் சுட்ட இறைச்சிக் குச்சியும் பசையரிசிச் சோறும் போட்ட பை. யாரையும் பார்க்காமல் நேராகக் காருக்கு வந்தார். கதவைத் திறந்தார். முதுகைக் காட்டிச் சாய்ந்தார், உட்கார்ந்தார், ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொண்டார். தடியை மடியில் வைத்தார்.

"அப்பா, வண்டி கெட்டுக் கிடக்கு. எங்கயும் போகாது."

"தெரியும். நீங்க போட்ட சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு ஏறினீங்க?"

"ஒர்க்ஷாப் வண்டி வந்து இழுத்துட்டுப் போகும்ல? நானும் வரேன். அந்தப் பையன்கிட்ட நான் பேசணும்."

"இழுத்துட்டுப் போற வண்டில உங்கள உட்கார விடமாட்டாங்கப்பா!"

"அதுவரைக்கும் இங்க உட்கார்றேன். என்னைய யாரும் தூக்க வேண்டாம்." பையைப் பிரித்து ஒரு குச்சியை நீட்டினார். "சாப்பிடு சுனி. பல் விளக்கினியா இல்லையா?"

சுனிசா எண்ணை அழுத்தினாள். சொம்போப் உடனே எடுத்தான். "சொல்லுங்கக்கா, ஸ்பிரிங் ரெடியா இருக்கு. போட்டுடலாமா?"

சுனிசா வானத்தைப் பார்த்தாள். அங்கே கான்கிரீட் கூரைதான் இருந்தது.

"வேண்டாம். காத்துப் பையே போடு. ரெண்டு பக்கமும் புதுசு. அந்தப் பாழாப்போன மோட்டாரையும் மாத்து."

கிட்டியின் வாய் மெல்ல விரிந்தது.

"சிரிச்சே, கொன்னுடுவேன்," என்றாள். "சாவியக் குடு. இனிமே அது என்கிட்டதான் இருக்கும். போய் பூன்லெர்ட் அண்ணனுக்கு அந்த எட்டு போல்ட்டையும் மாட்டிக் குடு."