திரையில் வைத்த பதினோரு வினாடி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதுகிற கணினியின் மூலையில் "உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது" என்று ஒரு சிவப்புப் பெட்டி பத்து நாளாகக் குதித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கணினிக்கு ஆண்டிவைரஸ் உண்மையிலேயே வேண்டுமா, மாதாமாதம் சர்வீஸ் வேண்டுமா என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் பத்தி முடிவதற்குள் லூர்துநாதன் என்றொருவன் கதைக்குள் வந்துவிட்டான். வந்தவனைப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: 2012, விழுப்புரம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது—

(மழை வேண்டாம். கதை நகராதபோதுதான் எனக்கு மழை ஞாபகம் வரும்.)

இரண்டாம் தொடக்கம்: லூர்துநாதன் விழுப்புரத்தில் கணினி பழுது பார்ப்பவன். கைராசிக்காரன் என்று பெயர். எந்த நோய்க்கும் அவனிடம் ஒரே மருந்துதான்: ஃபார்மட். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, மேலே ஒரு ஆண்டிவைரஸையும் போட்டுக் கொடுப்பான். மெஷின் கொஞ்ச நாள் குதிரை மாதிரி ஓடும், அப்புறம் மறுபடியும் அவனிடமே வரும்.

[நியாயமாகப் பார்த்தால் அதில் பாதி மெஷின்களுக்கு வேண்டியது ஒரு பெயிண்ட் பிரஷ். ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டினால் போதும். இதை அவனிடம் சொல்லத் தேவையில்லை, அவனுக்கும் தெரியும்.]

3

ஒருநாள் திண்டிவனத்திலிருந்து அவனுடைய பெரியம்மா மகள் அமலோற்பவமேரி வந்தாள். சிபியுவைப் பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். லக்கேஜ் கேட்ட கண்டக்டரிடம், "மடியில இருக்கற கொழந்தைக்கிக் கூட டிக்கெட்டு கேப்பியா?" என்று சண்டை வேறு போட்டாளாம்.

"ரொம்ப பேஜாரு பண்ணுது தம்பி. தொறக்கறதுக்குள்ள உலை கொதிச்சிடுது. வைரஸா இருக்குமா?"

"வைரஸ்தான்க்கா." திறந்து பார்க்காமலேயே சொன்னான். "உள்ள எதுனா வேணுங்கிறது இருக்கா? எல்லாம் பூடும்."

"வேணுங்கிறதெல்லாம் வீட்ல பத்திரமா இருக்கு. நீ ஜல்தியா முடி."

சிடியில் எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். நானும் அப்படித்தான் நினைத்து எழுதிக்கொண்டு போனேன்.

4

மறுநாள் அவனே திண்டிவனத்துக்குக் கொண்டுபோய் மாட்டினான். திரை பளிச்சென்று வந்தது. அதில் ஆண்டிவைரஸின் சின்னத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"மாமா குரலு எங்கடா?" என்றாள் மேரி.

மாமா என்பது அவள் கணவர் ராயப்பன். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஏலம் கூவியவர். போன வருடம் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. அதற்கு முதல் நாள் மேரி அவரை மைக் முன்னால் உட்காரவைத்துப் பதிந்துகொண்ட பதினோரு வினாடிதான் மிச்சம். தினமும் சோற்றில் கை வைக்கும் முன் அதைப் போட்டுக் கேட்பாள்.

"வீட்ல பத்திரமா இருக்குன்னியேக்கா?"

"ஆமா, இந்தத் திரையிலதான வச்சிருந்தேன்? அதான் இந்தப் பொட்டிய வீட்லயே வுட்டுட்டு, அந்த சிபியுவ மட்டும் தூக்கினு வந்தேன்." மானிட்டரைத் தடவிக் காட்டினாள்.

கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் பொருள் இருக்கும் என்று நம்பியதில் என்ன தப்பு? "வீட்ல எங்கக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டவன் அவன்தான்.

அழிந்ததை மீட்கும் மென்பொருளை அங்கேயே ஓட்டினான். மகள் மெர்லினின் கல்யாணப் படங்கள் பாதி பாதியாக வந்தன. குரல் வரவில்லை. அது இருந்த இடத்தில் அவன் ஏற்றிய ஆண்டிவைரஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

5

இந்த இடத்தில் எனக்கும் அவனுக்கும் ஒரே சபலம். "வைரஸ் தின்னுடுச்சுக்கா" என்றால் முடிந்தது. நூறு வீடுகளில் சொன்ன வாக்கியம். வைரஸ் வந்து சண்டை போடாது. மேரியும் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். "வைரஸாடா தம்பி?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

முடிவு அ: "ஆமாக்கா" என்றான். இன்னும் நல்ல ஆண்டிவைரஸாகப் பார்த்துப் போடச் சொன்னாள். அவனும் மறுவாரம்—

(எழுதிப் பார்த்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: "இல்லக்கா. வைரஸே இல்ல. நாந்தான் அழிச்சிட்டேன்."

மேரி அவனை—

மேரி எழுந்துபோய்—

மேரி ஒன்றும்—

எனக்கு எழுத வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க அவனைப்போலவே எனக்கும் பயமாக இருக்கிறது.

6

ராயப்பன் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காது அவருக்கு நன்றாகவே கேட்கும். ஒரு நோட்டை எடுத்து, ஒரு வரி எழுதி, லூர்துநாதனிடம் நீட்டினார். மேரியைக் காட்டி, படி என்று கையசைத்தார். அந்தப் பதினோரு வினாடியில் அவர் பேசியது அதுதான். தினமும் அவளோடு சேர்ந்து கேட்டவராயிற்றே, மனப்பாடம் ஆகாமல் இருக்குமா?

லூர்துநாதன் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.

மேரி காத்திருக்கிறாள். எனக்கோ எழுத மட்டும்தான் தெரியும். அதனால் நீங்கள்தான் படிக்க வேண்டும். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு. பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை. ஏலம் கூவிய குரல், கொஞ்சம் உரக்கவே இருக்கட்டும்:

"அடியே மேரி, என்னாத்த பேசறது? ஒண்ணும் தோணல. இரு, நாளைக்கி வந்து பேசறேன்."